மேனேஜரிடம் சொல்லியாகிவிட்டது

இந்த அத்தியாயத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் சத்தியம். காற்புள்ளி, அரைப்புள்ளி உட்பட. சந்தேகப்படுகிறவர்கள் நேரே அந்தத் தெருவுக்கே போய், பச்சை கேட் போட்ட வீட்டில் விசாரித்துக்கொள்ளலாம். யார் கதவைத் திறந்தாலும் இதையேதான் சொல்வார்கள். பூனை திறந்தால் இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லும்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு அந்த வீட்டு நிலவரம் அத்துப்படி. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு சுற்று சொல்லிவிடலாம்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் மாமனார், காலமெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். தெருவுக்கே அவர் லிஃப்ட்காரர்தான். இன்னொருத்தி மருமகள், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கவேண்டிய மகன், கப்பலின் என்ஜின் அறையில் இருக்கிறான். கரை தெரிந்தால் போன் செய்வான். கரை அடிக்கடி தெரிவதில்லை.

மாமனாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் தோட்டம். லிஃப்ட்காரர் ஓய்வுபெற்றபோது, பழைய லிஃப்டுகளிலிருந்து கழற்றிய அலுமினியத் தகடுகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். செடிக்கு ஒன்றாக நட்டுவைத்தார். ரோஜாவின் காலடியில் ‘கதவை மூடவும்’. சூரியகாந்திக்கு ‘மேலே’. அரளிக்கு ‘ஆபத்தில் மணியை அழுத்தவும்’. ஒருநாள் விருந்தாளிகள் வந்திருந்தபோது மருமகள் வாய் சும்மா இராமல், “தோட்டம் பார்க்கக் கல்லறை மாதிரியே இருக்கு, இல்ல மாமா?” என்றாள். லிஃப்ட்காரர் கண்ணை இமைக்காமல், “அப்போ முதல் குழி உனக்குத்தாம்மா” என்றார்.

வேடிக்கைக்குத்தான் சொன்னார். சிரிக்கத்தான் யாரும் முன்வரவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் பூனை வழியாக.

பூனையின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யமாட்டார், நாற்காலியை விட்டு இறங்கமாட்டார், ஆனால் அவருக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்பதால் வந்த பெயர். வெள்ளை வெளேர் என்று, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருப்பார்.

“மேனேஜர், டேங்க் நிரம்பி வழியுது, மோட்டாரை யாராவது நிறுத்தினா தேவலை” என்று லிஃப்ட்காரர் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார். மேனேஜர் எழுந்து, முதுகை வில்லாக வளைத்து, சமையலறை வாசல் வரை நடந்து, வாலைத் தூக்கி நிற்பார். மருமகள் மோட்டாரை நிறுத்துவாள். “பால் திரிஞ்சிருக்குன்னு சொல்லிடுங்க மேனேஜர்” என்று அவள் சொன்ன அன்று, மேனேஜர் சொன்னதோடு விடவில்லை. ஆதாரத்துக்குப் பாத்திரத்தையே உருட்டிக் காட்டினார். சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட, “மேனேஜர் இருக்காரா?” என்று கேட்டுவிட்டுத்தான் தோளிலிருந்து இறக்குவார்.

எதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, எதை அமுக்கிவிடுவது என்பதிலும் மேனேஜருக்கு ஒரு பக்குவம் உண்டு. “கிழவருக்கு வீம்பு ஜாஸ்தி, சொல்லுங்க” என்று மருமகள் ஒருமுறை சொன்னபோது, மேனேஜர் ஜன்னல் திண்டில் ஏறி மூக்கை வாலால் மூடிப் படுத்துவிட்டார். விஷயம் அதோடு அடங்கியது.

இப்படி எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் போன வாரம் அந்தப் பெட்டி இறங்கியது. மருமகள் பரண்மேல் இருந்த பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் கட்டில்மேல் வைத்தாள். “மேனேஜர், வேற ஊர்ல புதுசா கடை திறக்கிறாங்க. என்னைப் பொறுப்பா போகச் சொல்றாங்க. போயிடலாமான்னு பார்க்கிறேன். போனா உங்களையும் தூக்கிட்டுத்தான் போவேன்.”

கதவு பாதி திறந்திருந்தது. லிஃப்ட்காரரின் காதில் அது முழுசாக விழுந்தது.

அன்றிலிருந்து அவருக்கு வாய்க்கு எதுவும் ருசிக்கவில்லை. அவள் போய்விட்டால் வீடு வெறிச்சோடும். மேனேஜரும் போய்விட்டால், ‘போகாதேம்மா’ என்று சொல்லியனுப்பக்கூட ஆளில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

லிஃப்ட்காரர் டீ போடத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு வாசல் பக்கம் வந்தார். மருமகளின் ஜன்னலுக்கு நேராகப் படியில் ஒரு தொட்டி. அதில் லில்லி. கிழங்கு வாங்கி, மண் சலித்து, வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி மாற்றித் தூக்கிவைத்து, கடைசியில் பூத்திருந்தது. சங்கை விரித்து வைத்தாற்போல ஒவ்வொரு பூவும். அதற்குத் தகடு ‘திறக்க அழுத்தவும்’.

தொட்டிக்குப் பக்கத்தில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். மூக்கின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல்.

“என்ன மேனேஜர், கேட்டை முட்டிப் பார்த்தீங்களா? துரு ஒட்டியிருக்கு” என்று கட்டைவிரலால் துடைத்துவிட்டார். விரலைத் துண்டில் தேய்த்துக்கொண்டு, தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டு உள்ளே போய்விட்டார். காலமெல்லாம் துருவோடு வாழ்ந்தவர். கண்ணுக்கு எது ஆரஞ்சாகத் தெரிந்தாலும் துருதான்.

டீயைக் குடித்து, கொஞ்ச நேரம் பேப்பரைப் புரட்டிவிட்டு வந்து பார்த்தால், செருப்புக்குப் பக்கத்தில் மேனேஜர் வாந்தி எடுத்திருந்தார். ‘முடியை நக்கியிருப்பார்’ என்று நினைத்துக்கொண்டு துடைத்தார். திரும்பவும் வாந்தி. இந்தமுறை மேனேஜர் சோபாவுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டார். கடைவாயில் எச்சில் நூலாக ஒழுகியது. மீன் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து மூக்கருகே நீட்டினார். டப்பாவைக் கண்டாலே கூடத்தைக் கடந்து பாய்கிறவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் டப்பாவைக் கீழே வைத்தார்.

“மேனேஜர்,” என்றார், தரையில் குப்புறப் படுத்து சோபாவுக்கு அடியில் பார்த்தபடி. “உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு அவகிட்ட இப்போ யார் போய்ச் சொல்றது?”

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் எழுந்தார். மருமகளின் அறைக் கதவு முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இன்னொரு தடவை செருமினார். பிறகு கதவைத் தட்டினார்.

தலை துவட்டிக்கொண்டிருந்த மருமகள் கதவைத் திறந்தாள். அவர் சோபாவைக் காட்டினார். அவ்வளவுதான் முடிந்தது அவரால்.

அவள் குனிந்து பார்த்தாள். மேனேஜரின் மீசையில் ஒட்டியிருந்த ஆரஞ்சுத் தூளைப் பார்த்தாள். வாசலுக்கு ஓடினாள். லில்லியின் கீழ் இலைகளில் ஒன்று கிழிந்து, பல் பட்ட விளிம்போடு தொங்கியது. அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“மேனேஜர்! நேத்தே சொன்னேனே! அவ்வளவு தெளிவா சொன்னேனே!”

லிஃப்ட்காரர் சோபாவுக்கு அடியில் பார்த்துக் கேட்டார்: “என்ன சொன்னா?”

*

மருமகள் ஈரத்துணியால் மேனேஜரின் மூஞ்சியையும் பாதங்களையும் துடைத்தாள், மிச்சத் தூளை அவர் நக்கிவிடாதபடி. துணிக்கூடையில் துண்டை விரித்து அவரைப் படுக்கவைத்தாள். கடித்த இலையையும் ஒரு பூவையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டாள், டாக்டரிடம் காட்ட.

லிஃப்ட்காரர் அவசர அவசரமாக ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்தார். “மேனேஜர், ஒரு வாய் குடிங்க. விஷம் முறியும்.”

“மேனேஜர், பால் வேண்டாம். உப்புத் தண்ணி, எண்ணெய், கைவைத்தியம் ஒண்ணும் வேண்டாம். டாக்டர் சொல்ற வரைக்கும் உங்க வாய்ல யாரும் எதுவும் ஊத்தக்கூடாதுன்னு சொல்லுங்க.”

கிண்ணம் அப்படியே மேசைமேல் உட்கார்ந்தது.

மருமகள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். லிஃப்ட்காரர் பின்னால் ஏறி, கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அவளுடைய ஸ்கூட்டரில் அவர் ஏறுவது அதுதான் முதல் தடவை. சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார் என்பதைத் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள், அவரைத் தவிர.

“மேனேஜர், கூடையை நல்லா பிடிச்சுக்கச் சொல்லுங்க.”

“பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லுங்க மேனேஜர். வண்டியைக் கொஞ்சம் பார்த்து ஓட்டச் சொல்லுங்க.”

“பார்த்து ஓட்டற நேரமா இதுன்னு கேளுங்க.”

மேனேஜர் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு முனகல் முனகினார். முச்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூடையின் விளிம்புக்கு மேல் மேனேஜர் தலையைத் தூக்கி அதை ஒரு பார்வை பார்த்தார். விளக்கு பச்சையாகிவிட்டது. அந்த முச்சந்தியில் பழம் விற்பவர் இதற்குச் சாட்சி.

*

கால்நடை டாக்டர் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்த ஓர் அம்மா. பிளாஸ்டிக் பையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “லில்லியா?” என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கூடையோடு உள்ளே போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது.

மாமனாரும் மருமகளும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் இடம் காலி. அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. மேனேஜர் உள்ளே இருக்கிறார். இப்போது யாரிடம் பேசுவது?

பெஞ்சின் கோடியில் ஒரு தையற்காரர் வாளியோடு உட்கார்ந்திருந்தார். வாளியில் ஒரு ஆமை. மருமகள் கொஞ்ச நேரம் ஆமையைப் பார்த்தாள். பிறகு அதன் பக்கமாகத் திரும்பினாள்.

“ஆமை சார், உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. நேத்து சாயங்காலம் சமையலறை வாசல்ல நின்னு மேனேஜர்கிட்ட ஒரு விஷயம் சொன்னேன். எங்க கடைக்குக் கண்ணாடி போட வந்த ஒரு அம்மா உட்கார்ந்து அழுதாங்க. அவங்க பூனை லில்லி இலையைக் கடிச்சு செத்துப்போச்சாம். இலை, பூ, பூவுக்குள்ள இருக்கிற ஆரஞ்சுத் தூள், பூ வெச்ச ஜாடித் தண்ணிகூட பூனைக்கு விஷமாம். கிட்னி போயிடுமாம். தொட்டியை இன்னைக்கே அப்புறப்படுத்தச் சொல்லுங்க மேனேஜர்னு சொன்னேன். மாமா அங்கேதான் நின்னுக்கிட்டிருந்தாரு. முதுகைக் காட்டிக்கிட்டு.”

லிஃப்ட்காரருக்கு ஞாபகம் வந்தது. நேற்று சாயங்காலம் பழைய மிக்ஸியில் முட்டை ஓட்டைப் பொடித்துக்கொண்டிருந்தார், செடிகளுக்கு உரம் போட. அந்த மிக்ஸி ஓடினால் பக்கத்தில் விமானம் இறங்கினாலும் தெரியாது. நிறுத்திவிட்டுத் திரும்பியபோது அவள் போய்விட்டிருந்தாள். மேனேஜர் மட்டும் நின்றார்.

“ஆமை சார், மிக்ஸி ஓடிக்கிட்டிருந்துச்சு” என்றார் அவர் தாழ்ந்த குரலில். “நின்னதுக்கப்புறம் மேனேஜரைக் கேட்டேன், என்ன சொன்னான்னு. அவர் வாலைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. மிக்ஸி சத்தத்தைப் பத்திப் புகார்னு நினைச்சுட்டேன்.”

“மேனேஜரைக் கேட்டதுக்கு என்னைக் கேட்டிருக்கலாமே, ஆமை சார்.”

“சொன்னவ தொட்டியைத் தானே தூக்கி வெளிய வெச்சிருக்கலாமே, ஆமை சார்.”

“தோட்டத்துல யாரும் கை வைக்கக்கூடாதுன்னு மேனேஜர் மூலமா உத்தரவு வந்திருந்துச்சே, ஆமை சார்.”

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

தையற்காரர் வாளியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “ஏங்க, அதுவே கொஞ்ச நாளா சாப்பாடு எடுக்காமக் கிடக்கு. அதுகிட்டப் போய் இவ்வளவு கனமான விஷயமெல்லாம் சொல்றீங்களே?”

உள்கதவு திறந்தது. டாக்டர் வந்து நின்றார்.

“எப்போ கடிச்சது? நேத்தா, இன்னைக்கா? அது தெரிஞ்சாகணும்.”

“ஆமை சார், நான் எழுந்து வந்தப்போவே அவருக்கு முடியலை” என்றாள் மருமகள்.

டாக்டர் ஆமையைப் பார்த்தார். தையற்காரரைப் பார்த்தார். “அம்மா, அந்த ஆமை என்னோட அடுத்த பேஷண்ட். அதுக்கு பூனை பத்தி என்ன தெரியும்? நேரம் போகப் போக மருந்தோட பலன் குறையும். ராத்திரியே தின்னிருந்தா ஒரு கணக்கு, விடிஞ்சப்புறம்னா வேற கணக்கு. யாராவது என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.”

லிஃப்ட்காரரின் கட்டைவிரல் தானாக உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. துண்டில் இன்னும் அந்த ஆரஞ்சுக் கறை இருந்தது. இதைச் சொன்னால், பார்த்தும் சும்மா இருந்தது அவர்தான் என்றாகிவிடும். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கட்டில்மேல் பெட்டி திறந்து கிடக்கிறது.

எழுந்து நின்றார்.

“விடியும்போதுதான் டாக்டர். நேத்து சாயங்காலம் தண்ணி ஊத்துறப்போ ஒவ்வொரு இலையா துடைச்சேன். எல்லாம் முழுசா இருந்துச்சு. ராத்திரி மேனேஜர் வீட்டுக்குள்ளதான் இருந்தாரு. காலையில நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். டீக்குத் தண்ணி வெச்சுட்டு வெளிய வந்தா மூக்குல தூள். அப்போ ஈரமாத்தான் இருந்துச்சு. கேட்டுத் துருன்னு நினைச்சுத் துடைச்சுவிட்டுட்டு, டீ குடிக்கப் போயிட்டேன்.”

பிறகு ஆமையின் பக்கம் திரும்பாமல், கூரையைப் பார்க்காமல், மருமகளின் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேராக.

“அப்பவே உன் கதவைத் தட்டியிருக்கணும்மா. தட்டலை.”

மருமகள் ஆமையின் பக்கம் பாதி திரும்பி, நிறுத்திக்கொண்டாள். நேராகப் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

டாக்டரின் முகம்தான் கொஞ்சம் இளகியது. “அப்போ ரொம்ப நேரம் ஆகலை. இது எனக்கு நல்ல சேதி பெரியவரே. நீங்க சொன்னதால மருந்தை எப்படிக் கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணலாம். வயித்துல மிச்சம் இருக்கிறதை வெளிய எடுத்துட்டு, டிரிப்ஸ் போட்டு கிட்னியைக் கழுவிக்கிட்டே இருக்கணும். ரெண்டு மூணு நாளாவது இங்கே இருக்கட்டும். ரத்தம் எடுத்தாச்சு, நாளைக்கும் எடுப்பேன். பிழைச்சிடும்னு இப்போ வாக்கு கொடுக்கமாட்டேன். இவன் ஒண்ணுக்குப் போகணும். போனான்னா கிட்னி வேலை செய்யுதுன்னு அர்த்தம். போன உடனே போன் பண்றேன்.”

உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். “வீட்ல வேற என்னென்ன செடி இருக்கு?”

லிஃப்ட்காரருக்குச் செடிகள் தகடுகளின் வரிசையில்தான் நினைவில் இருந்தன. “‘கதவை மூடவும்’, ரோஜா...”

“முள்ளு குத்தும், அவ்வளவுதான். இருக்கட்டும்.”

“‘மேலே’, சூரியகாந்தி.”

“ஒண்ணும் செய்யாது.”

“‘ஆபத்தில் மணியை அழுத்தவும்’, அரளி.”

“அதுக்கு மட்டும் சரியாத்தான் எழுதி வெச்சிருக்கீங்க. மனுஷனையே கொல்லும். எடுத்துடுங்க. பனை மாதிரி குட்டையா ஒண்ணு வளர்ப்பாங்களே, சைகஸ், அது?”

“இருக்கு” என்றார் லிஃப்ட்காரர், குரல் உள்ளே போய். “‘ஓவர்லோட்’.”

“ஈரலைத் தீர்த்துடும். விதை இன்னும் மோசம். மணி பிளாண்ட்னா வாய் எரிஞ்சு எச்சில் ஒழுகும். எட்டாத உயரத்துல தொங்கவிடுங்க. பூனைக்கு மெல்லணும்னு ஒரு அரிப்பு எப்பவும் இருக்கும். ஒரு தொட்டியில கோதுமையை விதைச்சுப் புல்லா விடுங்க. அதை மெல்லட்டும்.”

கதவு மறுபடி மூடியது. தையற்காரர் ஆமையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓட்டை ஆறுதலாகத் தடவிக்கொடுத்தார்.

*

மத்தியானம் இருவரும் தோட்டத்தில் நின்றார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி, இன்னொருத்தி கையில் தடித்த பை.

முதல் கொஞ்ச நேரம் ரொம்பச் சிரமமாக இருந்தது. பேச வாயெடுத்தால் இருவர் கண்ணும் தானாக மேனேஜரின் நாற்காலிக்குப் போயிற்று. நாற்காலி காலி. திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ரேடியோவில் அலைவரிசை தேடுகிறவர்கள் மாதிரித் தொடங்கினார்கள்.

“கையுறை போட்டுக்கோ.”

“போட்டுட்டேன். நீங்க?”

“என் கைக்கு ஒண்ணும் ஆகாது. கிரீஸ்ல ஊறின கை.”

“மாமா.”

அவர் கையுறையைப் போட்டுக்கொண்டார்.

அரளியை அடியோடு சாய்த்தார். சைகஸ் சுலபத்தில் வரவில்லை. வேரைச் சுற்றித் தோண்டி, கம்பியைக் கொடுத்து நெம்பி, மருமகள் ஒருபக்கம் இழுக்க அவர் ஒருபக்கம் தள்ள, ஒருவழியாகப் பெயர்ந்து வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே உட்கார்ந்துவிட்டார்கள். லிஃப்ட்காரர் ‘ஓவர்லோட்’ தகட்டைப் பிடுங்கித் துடைத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். மருமகள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வெட்டினதைச் சும்மா குப்பைத் தொட்டியில போட்டா தெருப்பூனை மேயும் மாமா. பையை இறுக்கிக் கட்டிடலாம்.”

“சரிம்மா.”

கடைசியாக லில்லி. லிஃப்ட்காரர் அதன்முன் உட்கார்ந்தார். பூக்களைப் பறிக்காமல், தொட்டியை மண்ணோடு கவிழ்த்து, கிழங்கைத் தேடி எடுத்தார். ஒவ்வொன்றாகப் பைக்குள் போனது.

“ரொம்ப நாளா வளர்த்தீங்கள்ல?” என்றாள் மருமகள்.

“பூக்கிறதுக்காகக் காத்திருந்தேன். உன் ஜன்னலுக்கு நேரா வெச்சேனே, கவனிச்சியா?”

“கவனிச்சேன். வெயில் படுதுன்னு வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்.”

“உனக்குத்தான் வெச்சேன். நீ கல்லறைன்னு சொன்னல்ல? உன் ஜன்னல் வழியா பார்த்தாலாவது அப்படித் தெரியாம இருக்கட்டும்னு. மேனேஜர்கிட்ட சொல்லி அனுப்பினேனே, ‘இது அவளுக்கு, அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க’ன்னு. அவர் சொல்லலையா?”

மருமகள் பையின் வாயைக் கட்டுவதை நிறுத்தினாள்.

“எங்கிட்ட வந்து சேரலையே மாமா.”

“நல்லா சத்தமாத்தான் சொன்னேன். நீ உள்ளதான் இருந்தே.”

“தலையைக் காய வெச்சுக்கிட்டிருந்திருப்பேன். அந்த மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேட்காது.”

இரண்டு பேரும் காலி நாற்காலியை மறுபடி பார்த்தார்கள். மேனேஜர்மேல் முதன்முதலாக ஒரு சின்ன வருத்தம். உடனே அதற்காக வெட்கம்.

“அன்னைக்கு, குழின்னு சொன்னது...” என்று ஆரம்பித்தார் லிஃப்ட்காரர். “வேடிக்கைக்குத்தாம்மா. ஆனா சொல்லியிருக்கக்கூடாது. தப்பு.”

“தெரியும் மாமா, வேடிக்கைன்னு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. அத்தனை பேர் முன்னாடி சிரிச்சா நீங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடுமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.”

லிஃப்ட்காரர் காலித் தொட்டியை நிமிர்த்தி வைத்தார். இத்தனை மாதமும் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் இது. உள்ளே இருந்த இரண்டு பேருமே மணியை அழுத்தியிருக்கிறார்கள். வெளியே ஒருவருக்கும் கேட்கவில்லை.

கையுறையைக் கழற்றினார். இருவரும் குழாயடியில் சோப்பு போட்டுக் கை கழுவினார்கள். கழுவிய கையைத் துடைக்காமலே அவர் கேட்டார். யாரிடமும் சொல்லி அனுப்பாமல், அவளையே பார்த்து.

“அந்த ஊருக்குப் போகப்போறியாம்மா?”

மருமகள் குழாயை மூடினாள். மூடிய குழாயை மறுபடி ஒருமுறை அழுத்தி மூடினாள். பதில் உதடு வரைக்கும் வந்த மாதிரிதான் இருந்தது.

போன் அடித்தது.

“டாக்டர்!” என்று ஈரக்கையோடு எடுத்து, இருவருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைத் திறந்துவிட்டாள்.

“உங்க ஆள் ஒண்ணுக்குப் போயிட்டான்” என்றது டாக்டரின் குரல். “போர்வை, தட்டு, என் செருப்பு, எல்லாத்துமேலயும் போயிட்டான். நல்லாவே போயிருக்கான். முதல் ரத்தப் பரிசோதனையும் பயப்படுற மாதிரி இல்லை. நாளைக்கும் மறுநாளும் பார்த்தாத்தான் உறுதியா சொல்லமுடியும். ஆனா இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் சாப்பிடலாம்.”

லிஃப்ட்காரர் குழாயடிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். “போயிட்டாராம்மா! போயிட்டாராம்!” என்றார். எதிர்வீட்டு ஜன்னல் மறுபடி திறந்தது. “எங்க மேனேஜர் ஒண்ணுக்குப் போயிட்டாரு!” என்று அதைப் பார்த்தும் கத்தினார். மருமகள் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுகையால் அவருடைய சட்டையைப் பிடித்து, “மாமா, திருப்பிப் போட்டிருக்கீங்க, காலையிலேர்ந்து” என்றாள். அழுகையும் சிரிப்பும் எது எதென்று பிரிக்க முடியவில்லை.

உள்ளே கட்டில்மேல் பெட்டி திறந்தபடியே இருந்தது. அவர் கேட்ட கேள்விக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

“இன்னொண்ணு,” என்றார் டாக்டர், போனை வைக்காமல். “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், இருந்தாலும் சொல்றேன். இங்கே ஸ்டீல் தட்டு கீழே விழுந்து எல்லா நாயும் குலைச்சுது, இவன் மட்டும் திரும்பவே இல்லை. அப்புறம் நானே சோதிச்சுப் பார்த்தேன். வெள்ளை உடம்பு, நீலக் கண். சில பூனைங்க இப்படிப் பிறக்கும்.”

மேனேஜருக்குப் பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்காது.